ஊமையாய்ப் போன ஊர்வலம்

கொரோனா வருவதற்கு முந்தைய வருடம், தை மாதக் கடைசி. காரைக்கால் கடற்கரையில் சாயங்கால வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிறுத்துவது போல ஊர்ப் பெரிய மனிதர்களையெல்லாம் நான் வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் அடுப்படியில் தனியாக நின்று சிரிப்பேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "என்ன, ஊர்வலமா?" என்று கேட்பார். அந்த ஊர்வலத்தின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் கணக்கு டீச்சர். வீடு தலத்தெருவில். எந்த வேலையைத் தலையில் கட்டினாலும் முடியாது என்று சொல்லத் தெரியாதவள். எடுத்த வேலையில் அடுத்தவரைப் பேச விடாதவள் என்றும் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அந்த வருடம் எங்கள் நகரத்துக்கென்று ஒரு கலை பண்பாட்டுத் திட்டம் தயாரிப்பது என்று முடிவாகியிருந்தது. அதிகாரிகள் மட்டும் அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிற திட்டமாக இருக்கக் கூடாது, கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், மீனவர் தெரு, வயல்காட்டு ஊர்கள் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் கூடிப் பேசித்தான் எழுத வேண்டும் என்றார்கள். கூடிப் பேச ஓர் இடம் வேண்டுமே? எங்கள் பள்ளிக்கூடம் கிடைத்தது. கூட்டம் நடத்த ஓர் ஆள் வேண்டுமே? நான் கிடைத்தேன்.

முதல் கூட்டத்துக்கு வகுப்பறை கொள்ளாத ஆட்கள். குரும்பகரத்திலிருந்துகூட அறுவடை வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க இடிக்க உட்கார்ந்து, அவரவர் ஊர்த் திருவிழாவை அவரவர் பெருமையாகச் சொன்னார்கள். போகப் போக, எல்லாக் கூட்டமும் கரைவது போல அதுவும் கரைந்தது. கடைசிவரை தவறாமல் வந்தவர்கள் மூன்று பேர்தான்.

ஒருவர் பேண்டு மாஸ்டர். மாதா கோயில் தெருக்காரர். டிரம்பெட் வாசிப்பார். அவருடைய அப்பா 'சொல்தா'. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மாதா கோயில் தேர் பவனியிலிருந்து அம்பகரத்தூர்க் கல்யாணம் வரைக்கும், குடியரசு தின அணிவகுப்பிலிருந்து சாவு வீடு வரைக்கும் அவருடைய பேண்டு போகாத இடம் கிடையாது. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கும் அவர்தான் வாசித்தார்.

இரண்டாமவர் ஜவுளிக்கடை பாய். கடையை மகன்களிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருந்தார். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் வீட்டிலிருந்து சுடச்சுட இறால் வாடா கொண்டு வருவார், அரிசி மாவில் இறால் வைத்துப் பொரித்த வடை. அதற்காகவே சிலர் வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, கடற்கரையை ஒட்டிய மீனவர் தெருவிலிருந்து வந்த மீன்காரம்மா. மொபெட்டில் கூடையைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கும் பாய் வீட்டுத் தெருவுக்கும் மாஸ்டர் தெருவுக்கும் அவர்தான் மீன் கொண்டு வருவார். பேச்சு மீன் அறுக்கிற அரிவாள்மனை மாதிரி. எனக்கு அவரைக் கொஞ்சம் பயம், நிறையப் பிடிக்கும்.

கூட்டங்களைக் கவனிக்க ஓர் இளம் அதிகாரி வருவார். வெளியூர்ப் பையன், நல்ல பையன். திட்டம் காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது, முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்திப் பாருங்கள் என்றார். கடற்கரையில் பெரிய மேடை, சென்னையிலிருந்து இன்னிசைக் குழு, வண்ண விளக்கு என்று அவர் சொல்லிக்கொண்டே போனபோது மீன்காரம்மா குறுக்கே புகுந்தார்.

"மேட போட்டா நாங்க எப்பவும் போல கயித்துக்குப் பின்னாடி மணல்ல உக்காந்து எட்டி எட்டிப் பாக்கணும். மேட வேணாம் சார். நடந்து போவோம். அப்பத்தான் அது எங்க தெருவுக்கும் வரும்."

ஊர்வலம் என்று முடிவாயிற்று. மீனவர் தெரு ஆட்கள் ஒரு சின்னப் படகை அலங்கரித்துத் தோளில் தூக்கி வருவார்கள். அம்பகரத்தூரிலிருந்து மேளக்காரர்கள் பஸ் ஏறி வந்து சேர்ந்துகொள்வார்கள். மாஸ்டரின் பேண்டு எல்லாருக்கும் முன்னால் போகும்.

அன்று கூட்டம் முடிந்து பெஞ்சுகளை நேராக்கிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் மட்டும் போகாமல் நின்றார். அவருடைய பிள்ளைகள் பிரான்சில் இருந்தார்கள். வா வா என்று வருடக்கணக்காகக் கூப்பிட்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்து வந்தவர். மனைவி போன பிறகு சாக்கு எதுவும் மிச்சமில்லை. வீட்டைக் கொடுத்தாகிவிட்டது, மாசியில் விமானம் என்றார்.

"கல்யாணத்துக்கு வாசிச்சிருக்கேன், கருமாதிக்கு வாசிச்சிருக்கேன் டீச்சர். எல்லாம் யாராவது கூப்புட்டு வாசிச்சது. யாரும் கூப்புடாம, நம்ம ஊருக்குன்னு, நானா வாசிச்சுக்கிட்டே எங்க தெருவுக்குள்ள நுழையணும். அது ஒண்ணுதான். அப்பறம் டிரம்பெட்ட பொட்டியில வச்சிடுவேன்."

நிச்சயமாக நடக்கும் மாஸ்டர் என்றேன். ஊர்வலம் கடைசியாக மாதா கோயில் தெருவில் முடிகிற மாதிரி வழி போட்டது அவருக்காகத்தான். ஆனால் அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை. சொல்லாதீர்கள், கூச்சமாக இருக்கிறது என்று அவரே கேட்டுக்கொண்டார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை, எந்தப் போலீஸும் வந்து சொன்னதில்லை. சாமி ஊர்வலமோ, சந்தனக்கூடோ, தேர் பவனியோ, மாப்பிள்ளை அழைப்போ, அடுத்தவர் வழிபடுகிற இடம் வந்தால் கொஞ்சம் முன்னாலேயே மேளம் நின்றுவிடும். தாண்டிப் போனதும் மறுபடி ஆரம்பிக்கும். சாவு விழுந்த வீடு வந்தாலும் அப்படித்தான். வெளியூர் பேண்டு செட்டாக இருந்தால் மட்டும் யாராவது ஒருவர் முன்னால் ஓடிக் கையைக் காட்டுவார். உள்ளூர்க்காரர்களுக்குக் கை தானாகவே நின்றுவிடும்.

வழியைப் பற்றிப் பேசுகிற கூட்டம் வந்தது. கரும்பலகையில் வெள்ளைச் சாக்பீஸால் வரைந்தேன். கடற்கரை, மீனவர் தெரு, அரசலாற்றங்கரை, கடைத்தெரு, பள்ளிவாசல் தெரு, கடைசியில் மாதா கோயில் தெரு. வாசிக்கக் கூடாத இடங்களைச் சொல்லுங்கள், சிவப்புச் சாக்பீஸால் காட்டிவிடுகிறேன் என்றேன்.

மாஸ்டர்தான் ஆரம்பித்தார். மீன்காரம்மாவின் கணவருடைய அண்ணன் தவறி ரெண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "மீனவர் தெருவுல வேணாம் டீச்சர். இவங்க ஓர்ப்படியா துக்கத்துல இருப்பாங்க. அந்த வாசல்ல போயி எப்புடி வாசிக்கிறது?" மீன்காரம்மா தலையைக் குனிந்துகொண்டு முந்தானையைச் சரிசெய்தார். துக்கம் என்று நினைத்து நான் அந்தத் தெரு முழுவதையும் சிவப்பாக்கினேன்.

அடுத்து மீன்காரம்மா. "பள்ளிவாச தெருவுல மூச்சு விடக் கூடாது டீச்சரம்மா. தொழுவுற நேரமா இருக்கும். நானே அங்க போனா மீனு மீனுன்னு கத்த மாட்டேன், மெதுவாத்தான் கூப்புடுவேன்." பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சிரித்து, நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். அதுவும் சிவப்பு.

அந்த மரியாதைக்குப் பதில் மரியாதை செய்ய பாய்க்குத் தவிப்பு. "அப்போ மாதா கோயில் தெருவுலயும் நிறுத்திடுவோம். சாயங்காலம் பூச நடக்கும். நம்மளால அவங்களுக்கு ஒரு இடைஞ்சல் வரக் கூடாது பாருங்க."

என் கை கரும்பலகையில் நின்றுவிட்டது. மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். "உங்க தெருவாச்சே மாஸ்டர், நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர். போடுங்க" என்றார். போட்டேன்.

அதன் பிறகு வெள்ளம்தான். கடைத்தெருக் கோயிலில் தீபாராதனை நேரம் என்று மாஸ்டரும் பாயும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியை நான் சேர்த்தேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் பிளஸ் டூ பிள்ளைகள் டியூஷன் படிக்கிற வீட்டையும் சேர்த்தேன், டீச்சர் புத்தி போகுமா? எல்லாம் முடிந்து பார்த்தால், அரசலாற்றங்கரையில் வீடே இல்லாத ஒரு துண்டு மட்டும் வெள்ளையாக மிச்சமிருந்தது. அப்போதாவது எங்களில் ஒருத்தருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. இவ்வளவு ஒற்றுமையான கூட்டத்தை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொல்லி, பாயின் இறால் வாடாவில் இன்னொன்றை எடுத்துக்கொண்டேன்.

ஊர்வல நாள் வந்தது. படகைப் பார்த்ததும் அசந்துபோனேன். சாமந்தியும் சம்பங்கியும் சரம்சரமாகச் சுற்றி, நடுவில் ரோஜா மாலை போட்டு, மீனவர் தெரு இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டித் தோளில் தூக்கினார்கள். முன்னால் வெள்ளைச் சட்டையில் பேண்டுக்காரர்கள். மாஸ்டர் மட்டும் பழைய சிவப்புக் கோட்டைப் போட்டிருந்தார். பொத்தான்கள் பளபளத்தன. விசிலை ஊதினேன். கிளம்பினோம்.

கிளம்பியதும் மீனவர் தெரு. எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். தெருவில் வீட்டுக்கு வீடு தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒரு வாசலில் மீன்காரம்மாவின் ஓர்ப்படியாள் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் தலையை வாரிப் பவுடர் பூசிப் புதுச்சட்டை போட்டிருந்தார்கள். சின்னவன் பேண்டு வாசிப்பதைப் போலக் கையை வாயருகே வைத்துத் தயாராக இருந்தான். நாங்கள் தலையைக் குனிந்தபடி, காலடிச் சத்தம் மட்டும் கேட்க அந்த வாசலைக் கடந்தோம். திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார். மீன்காரம்மாவின் முகம் என்னவோ போல் இருந்தது. எனக்கு அப்போது புரியவில்லை.

ஆற்றங்கரை வந்ததும் அடைத்து வைத்ததெல்லாம் திறந்துகொண்டது. மாஸ்டர் டிரம்பெட்டைத் தூக்கினார், அம்பகரத்தூர் மேளம் இடி இடித்தது. என்ன வாசிப்பு, என்ன வாசிப்பு! கேட்டவர்கள் யார் என்றால், படகுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் கொஞ்சம் கொக்குகளும். அந்தத் துண்டு முடிந்தது. நான் விசிலை ஊதினேன். மறுபடி அமைதி.

கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். முதல் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று ஷட்டரைப் பாதி இறக்கினார். பக்கத்துக் கடையும் இறக்கியது. அதற்கடுத்த கடையும். ஹெல்மெட் போட்டிருந்த ஒருவர் வண்டியை ஓரம்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூக்கார அம்மா ஒருவர் கூடையிலிருந்து ஒரு கை உதிரிப்பூவை அள்ளி வந்து படகின் மேல் போட்டுக் கும்பிட்டுவிட்டு, என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டார்.

"யாரும்மா தவறிட்டது? கல்யாணச் சாவா?"

அப்போதுதான் எங்களை நானே வெளியே நின்று பார்த்தேன். ரோஜா மாலை போட்ட படகைத் தோளில் தூக்கிக்கொண்டு, வாசிக்காத பேண்டு முன்னால் போக, தலையைக் குனிந்தபடி நூறு பேர் சத்தமில்லாமல் நடந்தால் ஊர் வேறு என்ன நினைக்கும்? அதற்குள் எங்கள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார், தோளில் துண்டோடு சோகமாக வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார். மயானம் வரைக்கும் வருகிற எண்ணத்தில் செருப்பை வேறு கடையில் விட்டுவிட்டு வந்திருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாஸ்டரைப் பார்த்தால் சிரிக்கிற மாதிரி இல்லை. டிரம்பெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நடந்தார். இன்னும் இரண்டு தெரு. இரண்டும் சிவப்பு. அவர் ஊரில் அவருக்கு வாசிக்க இனி இடமே இல்லை.

பள்ளிவாசல் தெருவில் திரும்பியதும் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேசை போட்டு, பெரிய எவர்சில்வர் அண்டாவில் நன்னாரி சர்பத். மாடி ஜன்னல்களில் முக்காடு போட்ட பெண்கள். மதில் மேல் வரிசையாகக் குழந்தைகள். எங்களைக் கண்டதும் கைதட்ட ஆரம்பித்தவர்கள், சத்தமே இல்லாமல் நாங்கள் வருவதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஜமாஅத் பெரியவர் ஒருவர் வேகமாக பாயிடம் வந்தார்.

"என்ன பாய், மவுத்தா? யாரு?"

பாய் பதறிப்போய், அதெல்லாம் ஒன்றுமில்லை, தொழுகைக்கு இடைஞ்சல் என்றுதான் நிறுத்தினோம் என்றார்.

"அஸர் தொழுதுட்டு அப்பேர்ந்து வாசல்ல நிக்கிறோம். மஃரிபுக்கு இன்னும் நேரம் கெடக்கு. எல்லா இடத்துலயும் வாசிச்சிட்டு எங்க வாசல்ல மட்டும் ஊமையா போறீங்களே, நாங்க என்ன வேத்து ஆளா?"

கோபத்தில் கேட்கவில்லை அவர். மனசு நொந்து கேட்டார். அதற்கு யாரும் பதில் சொல்வதற்குள், "நில்லுங்க எல்லாரும்!" என்று ஒரு குரல். மீன்காரம்மா நடுரோட்டில் கையை இடுப்பில் ஊன்றி நின்றார். படகைத் தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"இவரு வாயால கேட்டதத்தான் எங்க ஓர்ப்படியா மூஞ்சியால கேட்டா. பாத்தீங்கள்ல? புள்ளைங்களுக்குப் புதுச்சட்ட போட்டு, எப்ப வரும் எப்ப வரும்னு நின்னுச்சுங்க. மாஸ்டரு, எங்க தெருவுல நிறுத்தச் சொல்லி ஒங்கள யாரு கேட்டா?"

"ஒங்க மனசு கஷ்டப்படுமேன்னுதாம்மா..." என்று இழுத்தார் மாஸ்டர்.

"எங்கிட்ட கேட்டீங்களா?"

"நீங்க ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

மீன்காரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "ஒங்களுக்கு அந்த வாசல்ல வாசிக்கச் சங்கடமா இருக்கு போலன்னு நெனச்சேன். நீங்க மரியாதைக்குச் சொல்றத வேணாங்க முடியுமா?"

பாய் மெல்ல மாஸ்டர் பக்கம் திரும்பினார். இன்றைக்கு மாதா கோயிலில் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டார். மாஸ்டர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே, அது காலையிலேயே முடிந்துவிட்டது, சாயங்காலம் ஒன்றும் கிடையாது என்றார். பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்போ ஏன் மாஸ்டர் சொல்லல?"

"நீங்க எங்க கோயிலுக்காகச் சொல்றீங்க பாய். அத நான் எப்புடி வேணாங்கறது?"

எனக்குப் பொறுக்கவில்லை. மாஸ்டர் கூச்சப்பட்டால் படட்டும் என்று எல்லாவற்றையும் அந்த நடுரோட்டிலேயே போட்டு உடைத்துவிட்டேன். அவர் ஊரைவிட்டே போகிறார், அவர் தெருவில் வாசித்துக்கொண்டே நுழைய வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை, ஊர்வலம் அங்கே முடிவதே அதற்காகத்தான் என்று. பாய் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தட்டில் வாடா சாப்பிட்டு, ஒவ்வொருவரும் அடுத்தவர் வாசலுக்காகத்தான் பேசியிருக்கிறோம். அவரவர் வாசலைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் சிரித்தது ஜமாஅத் பெரியவர்தான். "நல்லா இருக்குய்யா ஒங்க மரியாத! ஒருத்தருக்கொருத்தர் மரியாத பண்ணியே பேண்டுக்காரர ஊமையாக்கிட்டீங்க" என்றார். மதில் மேலிருந்த குழந்தைகள் சிரித்தார்கள், படகு தூக்கியவர்கள் படகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். துண்டோடு வந்த சார், அப்படியானால் யாரும் சாகவில்லையா என்று கேட்டதில் மிச்சம் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

பிறகு பள்ளிவாசல் தெருவில் மாஸ்டர் வாசித்தார். பாங்குக்கு நேரம் நெருங்கியபோது யாரும் கையைக் காட்டவில்லை, அவராகவே டிரம்பெட்டை இறக்கினார். பாங்கு கேட்டது. தொழப் போனவர்கள் போக, மற்றவர்கள் படகை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சர்பத் குடித்தோம். அன்றைக்கு நாங்கள் நிறுத்திய நிறுத்தங்களில் அது ஒன்றுதான் நியாயமானது. அவ்வளவு இதமான அமைதியும் வேறு இல்லை.

தொழுது முடித்து பாய் வந்ததும் மாதா கோயில் தெருவுக்குக் கிளம்பினோம். வெளியூர் பேண்டுக்கு முன்னால் ஓடிக் கையைக் காட்டி நிறுத்துவார்கள் என்று சொன்னேன் அல்லவா? அன்று பாய் முன்னால் ஓடினார். அந்த வயதில், கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை வீசி வீசி, "வாங்க, வாங்க, நிறுத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினார். அவருக்கு அவ்வளவு குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மாஸ்டர் தெருவுக்குள் நுழைந்தபோது வாசித்தது, அவருடைய அப்பா காலத்துப் பட்டாள மார்ச். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. அவர் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. சாமான்களைக் கட்டி ஏற்கனவே உறவுக்காரர் வீட்டில் போட்டாகிவிட்டது. அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, கதவைப் பார்த்தபடி, மார்ச்சை முழுவதும் வாசித்தார். மூச்சு வாங்கியது. ஓரிடத்தில் சுருதி உடைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான் துடைத்துக்கொண்டேன், வெட்கம் என்ன.

முடிந்தது என்று நினைத்தோம். மாஸ்டர் டிரம்பெட்டைப் பெட்டியில் வைக்கவில்லை. படகு வீட்டுக்குத் திரும்பத்தானே வேண்டும், நானும் வருகிறேன் என்றார். போன வழியே வாசித்துக்கொண்டு திரும்பினோம், ஆஸ்பத்திரியில் மட்டும் நிறுத்தி. கடைக்காரர்கள் ஷட்டரை மேலே தள்ளிவிட்டு வாயைப் பிளந்தார்கள். சாயங்காலம் சாவுக்குப் போனவர்கள் இப்படிக் கொட்டடித்துக்கொண்டு திரும்பினால் யாருக்குத்தான் திகைப்பு வராது? மீனவர் தெருவில் சத்தம் கேட்டதும் அந்தப் பிள்ளைகள் புதுச்சட்டையோடு ஓடி வந்து பேண்டுக்கு முன்னால் குதித்தார்கள். ஓர்ப்படியாள் வாசலில் நின்று, "போறப்ப ஏன் எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போனீங்க?" என்று மீன்காரம்மாவை ஒரு பிடி பிடித்தார். எனக்குத் தெரிந்து மீன்காரம்மா பதில் பேசாமல் வாங்கிக்கட்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த கூட்டத்தில் எங்கள் திட்டத்தை எழுத உட்கார்ந்தோம். முதல் வரியாக, ஒரு தெருவைப் பற்றி அந்தத் தெருதான் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதினோம். இது எதற்கு என்று இளம் அதிகாரி கேட்டார். மீன்காரம்மா சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் வாடா ஆறிவிட்டது.

இப்போது அந்த வகுப்பறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனசு கனக்கிறது. நாங்கள் முட்டி இடித்துக்கொண்ட பெஞ்சுகளை மாற்றிவிட்டார்கள். பாய்க்கு இப்போது நடமாட்டம் குறைந்துவிட்டது, வருடா வருடம் நடக்கும் ஊர்வலத்தன்று நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். மீன்காரம்மா தன் ஓர்ப்படியாளைத்தான் கூட்டத்துக்கு அனுப்புகிறார், நாக்கு குடும்பச் சொத்து போலிருக்கிறது. மாஸ்டர் பிரான்சில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். டிரம்பெட்டை எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறாராம். இங்கே நிறுத்தச் சொல்ல நிஜமாகவே ஆள் இருக்கிறது டீச்சர் என்று போனில் சொல்லிச் சிரிப்பார். ஊர்வலம் மாதா கோயில் தெருவுக்குள் நுழைகிற நேரத்தில் ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார். நான் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வீடாக இருந்த வீட்டைத் தாண்டும்வரை நடப்பேன். அந்தப் பக்கம் அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

இன்றைக்கும் யாருக்காவது நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நானே ஒன்றைத் தீர்மானிக்கப் போனால், பாதி இறங்கிய ஷட்டர்களும், மார்போடு அணைத்த டிரம்பெட்டோடு தலை நிமிர்ந்து ஊமையாக நடந்த அந்தச் சிவப்புக் கோட்டும் கண் முன்னால் வந்து நிற்கும். சட்டென்று நின்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டுவிடுவேன்.